ஜூன் பதினொன்றில் பிறந்தவருக்கு ஒரு சான்றிதழ்

செங்கோட்டாங்குளம் நாட்சுமை அலுவலகத்தின் உதவி அலுவலர் கோமதிநாயகம், தம் இருபத்தொன்பது ஆண்டுப் பணிக்காலத்தில் ஒருவரையும் கடிந்து பேசியதில்லை. மனுக்களை நிராகரிப்பதே அவருடைய வேலை. அதையும் அவர் ‘மிகுந்த வருத்தத்துடன்’ என்று தொடங்கிப் ‘பணிவன்புடன்’ என்று முடித்தே செய்துவந்தார். அவர் அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பவர்கள் ஊரில் இருவர் உண்டு.

2087ஆம் ஆண்டு மே மாதம் இருபத்தாறாம் தேதி காலை பத்தரை மணிக்கு அவருடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றவர், கடைவீதியில் மிக்ஸி, குக்கர் பழுதுபார்க்கும் உச்சிமாகாளி. அவரைக் கண்டதும் கோமதிநாயகம் தம்மையறியாமல் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். பிறகு அது மரியாதைக் குறைவு என்று தோன்றவே, மறுபடியும் முன்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

“பரவாயில்ல சார், பின்னாலயே இருங்க. எனக்குப் பழக்கந்தான்” என்றார் உச்சிமாகாளி.

அவருடன் ஒரு பெண்மணியும் வந்திருந்தார். முப்பத்தேழு வயது இருக்கலாம். தோளில் ஒரு துணிப்பை. முகத்தில், எடை குறைகிறது என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம் என்ற தோரணை. ரேஷன் கடையில் பில் போடுகிற பிரம்மசக்தி. கோவில்பட்டியிலிருந்து மாறுதலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது.

“இவருக்கு ஒரு சான்றிதழ் வேணும் சார். இயல்புநிலைச் சான்றுங்காக. அது கிடைச்சா இந்த மாசம் கல்யாணம். கிடைக்கலேன்னா நான் ஊருக்கே மாறுதல் கேட்டுப் போயிருவேன்” என்று அவர் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். “எழுதிட்டேன். தேதி மட்டுந்தான் போடல.”

கோமதிநாயகம் மனுவைப் படித்தார். பிறந்த தேதி என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் ஜூன் பதினொன்று என்று இருக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும், எழுத்தில் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது.

“உட்காருங்க அம்மா. நீங்க வெளியூரு. அதனால கேக்கிறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. நாட்சுமைன்னா என்னன்னு யாராச்சும் உங்களுக்குச் சொன்னாங்களா?”

“கேலண்டர்ல ராகுகாலத்துக்குக் கீழ ஒரு நம்பரு போட்டிருக்கும். எங்க ஊர்ல அதை யாரும் பாக்க மாட்டாக.”

“அந்த நம்பருதான். இப்போ சுவத்துல ஒரு ஆணி இருக்குன்னு வையுங்க. அதுல ஒரு சட்டையை மாட்டுதோம். மறுநாள் அதே ஆணியில இன்னொண்ணு. தேதியும் அப்படித்தான். வருஷம் மாறும், ஆணி ஒண்ணுதான். ஒரே தேதியில பெரிய பெரிய சம்பவமா மாட்டிக்கிட்டே போனா, ஒண்ணை ஒண்ணு இழுக்க ஆரம்பிச்சிரும். அதுக்கப்புறம் அன்னைக்கு நடக்குற சின்ன விஷயமும் பெருசாப் போயிரும். நல்லதா இருந்தா ரொம்ப நல்லது. கெட்டதா இருந்தா…” கோமதிநாயகம் கெட்டதைச் சொல்ல விரும்பாமல் கையை மட்டும் மெல்ல அசைத்தார். “விஞ்ஞானிகள் அளந்து சொன்னதம்மா. சாதாரணத் தேதிக்கு நம்ம ஊர்ல ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. ஜூன் பதினொண்ணுக்குப் பதினொண்ணு.”

அன்றைக்குச் செங்கோட்டாங்குளத்தில் கடைகள் திறப்பதில்லை. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், மேடைப்பேச்சு எதுவுமில்லை. ஊரார் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு வீட்டிலிருப்பார்கள். பிரசவங்களைக்கூட ஒரு நாள் முன்பின்னாக மாற்றியமைக்கச் சுகாதாரத் துறையினர் ஆவன செய்து வந்தனர். உச்சிமாகாளியின் தாயாரிடமும் தள்ளிவைக்கும்படி மனு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் அப்போது மனு எழுதும் நிலையில் இல்லை.

“அன்னையிலேர்ந்து பிடிச்ச சனி சார்” என்றார் உச்சிமாகாளி. “நான் வரலாத்துல வரப்போறேனாம். நல்லவனாவா கெட்டவனாவான்னுதான் தெரியலையாம். பள்ளிக்கூடத்துல என்னை அடிச்ச வாத்தியாரு கிடையாது, பாராட்டுன வாத்தியாரும் கிடையாது. முடிவெட்டுற கடைக்குப் போனா, ‘ஒம்ம தலையில என் கத்தி பட்டு, அது நாளைக்குப் பொஸ்தகத்துல வந்துட்டா?’ங்கான். பிறந்தநாளைக்குப் பிறந்தநாள் போலீஸ் ஸ்டேஷன்ல உக்காத்தி வச்சு, சாயங்காலம் வரை ஏட்டையாவோட தாயம் ஆடணும். அதுலயும் நான் ஜெயிக்கக் கூடாதாம்.”

“மூணுமுக்குல ஒரு பீடம் கட்டி வச்சிருக்காகளே, அதைச் சொல்லுங்க” என்றார் பிரம்மசக்தி.

“ஆமா சார். எனக்குச் செலை வைக்க இப்பவே பீடம் கட்டிட்டாவ. ‘இவர்’னு மட்டும் எழுதி மிச்சத்தை விட்டிருக்காவ. நான் அந்த வழியா போனா, அங்கன உக்காந்து பீடி குடிக்கவன்லாம் மரியாதையா எந்திருச்சு நிக்கான்.”

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பீடத்துக்கு அனுமதி வழங்கிய கோப்பில் தம் கையொப்பமும் இருப்பது நினைவுக்கு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

“அம்மா, பெரிய மனுஷராகப் போறவருன்னா பெருமைதானே? சிலபேரு அதுக்காகவே…”

“எங்க அய்யா பெரிய மனுஷன் சார்” என்று பிரம்மசக்தி இடைமறித்தார். “ஊருக்குப் பாலம் வாங்கிக் குடுத்தாரு. நான் பெரிய மனுஷியான அன்னைக்குப் பாலத்துல நின்னாரு. எங்கம்மாவைத் தூக்கிட்டுப் போகையிலயும், பின்னால வண்டி போகணும்னு பாலத்துல நின்னு ஒதுங்கச் சொல்லிக்கிட்டிருந்தாரு. பாலத்துல பேரு இருக்கு. வீட்டுல அவரு உக்காந்த தடம்கூட இல்ல. இன்னொரு பெரிய மனுஷனைக் கட்டிக்கிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு உக்கார நமக்குத் தெம்பு கிடையாது. இந்த ஆளு எடைமெஷினை ரிப்பேர் பண்ண வந்தாரு. சாயங்காலம் ஆறு மணி ஆனதும், பாதியில போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. அதுலதான் எனக்குப் பிடிச்சது.”

உச்சிமாகாளி தலையைக் குனிந்துகொண்டார். நாற்பத்தோரு ஆண்டுகளில் அவரைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தையாக அது இருந்திருக்க வேண்டும்.

விதிகளின்படி, நாட்சுமை மூன்றுக்கு மேற்பட்ட தேதியில் பிறந்தவருக்கு இயல்புநிலைச் சான்று வழங்க இயலாது. கோமதிநாயகம் ‘மிகுந்த வருத்தத்துடன்’ என்று மனத்துக்குள் தொடங்கியும் விட்டார். ஆனால் அவர் கடிதத்தில் மறுத்துப் பழகியவரே தவிர, எதிரில் அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து மறுத்துப் பழகியவர் அல்லர். தயங்கித் தயங்கி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பதினான்காம் விதியின் கடைசி உட்பிரிவில், மனுதாரர் விரும்பினால் மூலப் பதிவேட்டைப் பார்வையிடலாம் என்றும், ஐயம் எழும் நேர்வில் மூலப் பதிவேடே இறுதியானது என்றும் இருந்தது. இதுவரை ஒருவரும் விரும்பியதில்லை.

“பார்க்கிறீங்களா? பார்த்தா ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஆனா நேரம் போகும்” என்றார். ஆறுதலாகச் சொல்வதாக அவருக்கு எண்ணம்.

பதிவறையிலிருந்து அவர் தாமே சுமந்து வந்து மேசைமேல் வைத்த பதிவேடு, ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்தையது. அக்காலத்தில் இவ்வூரின் கணக்கராக இருந்த சிவனணைந்தபெருமாள் என்பவர், ஊரில் நடந்த பெரிய நிகழ்ச்சிகளைத் தம் கைப்பட எழுதி வைத்தது. கணினியில் இருந்த பட்டியல் இதிலிருந்து எடுக்கப்பட்டதே. அந்தப் பட்டியலில் இடம் குறைவு. ஆகவே ஆண்டு, தேதி, ‘பெருவெள்ளம்’, ‘வெடி விபத்து’, ‘கபடி வெற்றி’ என்று இரண்டிரண்டு சொற்கள் மட்டுமே ஏறியிருந்தன.

பிரம்மசக்தி விரலை நாக்கில் தொட்டு, பழகிய கையால் மளமளவென்று தாள்களைத் தள்ளினார். ஓரிடத்தில் நின்றார். முன்னுக்குப் போனார். பின்னுக்கு வந்தார்.

“சார், இதை வாசிங்க.”

கோமதிநாயகம் பணிவாக வாசித்தார். “ஜூன் பதினொன்று. தீபாவளியன்று மேலத்தெருவில் வெடி வெடித்ததில் பதினான்கு வைக்கோற்படப்புகள் எரிந்து சாம்பலாயின.”

“அடுத்தது?”

“ஜூன் பதினொன்று. ஐப்பசி அடைமழையில் குளத்தின் கரை உடைந்து பெருவெள்ளம்.” அவருடைய குரல் சற்று இறங்கியது. “ஜூன் பதினொன்று. பொங்கல் விளையாட்டில் நமதூர்க் கபடிக் குழுவினர்…”



“ஜூன்ல தீபாவளி எங்கன சார் வரும்?” என்றார் உச்சிமாகாளி.

“வெள்ளத்தைப் பத்தி ஒரு ஆராய்ச்சியே இருக்கு” என்றார் கோமதிநாயகம் மெல்ல. “மழை இல்லாத ஜூன் மாசத்துல வெள்ளம் வந்ததுக்கு நாட்சுமைதான் காரணம்னு ஒருத்தரு முந்நூறு பக்கம் எழுதி டாக்டர் பட்டம் வாங்கியிருக்காரு. நல்ல மனுஷர். இங்க வந்து டீ குடிச்சிட்டுப் போனாரு.”

“அவரு இதைத் தொறந்து பாத்தாரா?”

“இது தூசியா இருந்துச்சு. நான்தான், வேண்டாம், தும்மல் வரும்னு சொன்னேன்.”

பிரம்மசக்தி பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். “சார், இந்த ஊருக்கு அந்தக் காலத்துல ஜமாபந்தி என்னைக்கு?”

ஜமாபந்தி என்பது, மேலதிகாரிகள் ஆண்டுக்கொரு முறை வந்து அமர்ந்து ஊர்ப் பதிவேடுகள் அனைத்தையும் சரிபார்க்கும் நாள். கோமதிநாயகம் அதே பதிவேட்டின் முதல் தாளைப் புரட்டினார். மேலதிகாரியின் சாய்வான கையொப்பம் ஆண்டு தவறாமல் ஒரே தேதியில் இருந்தது.

“ஜூன் பன்னிரண்டு.”

“அவ்வளவுதான்.” பிரம்மசக்தி தாளைத் தட்டினார். “எங்க கடையில ஸ்டாக் புஸ்தகம் இருக்கு. தினமும் எழுதணும்னு சட்டம். எவ எழுதுதா? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்னா இன்னைக்கு ராத்திரிக்குள்ள மொத்தத்தையும் எழுதி முடிப்போம். இந்தக் கணக்கரு நம்ம ஆளு சார். வருஷம் பூரா தூங்கியிருக்காரு. ஜமாபந்திக்கு முந்தின நாள் எந்திருச்சு, அந்த வருஷம் ஊர்ல என்ன பெருசா நடந்துச்சுன்னு யாரையாச்சும் கேட்டு எழுதி, அன்னைக்குத் தேதியைப் போட்டிருக்காரு. பதினோரு வருஷம் வேலை பாத்திருப்பாரு, பதினோரு சம்பவம். இது நடந்த தேதி இல்ல. எழுதுன தேதி.”

கோமதிநாயகம் கடைசிப் பிடிமானமாகச் சுவரைக் காட்டினார். அங்கே நாட்சுமைமானி என்ற கருவி மாட்டப்பட்டிருந்தது. “ஆனா அம்மா, முள்ளு ஆடுதே! ஒவ்வொரு ஜூன் பதினொண்ணும் அது சிவப்புக்குப் போறதை நான் என் கண்ணால பார்த்திருக்கேன்.”

உச்சிமாகாளி அதற்குள் சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்துவிட்டார். அரசுச் சொத்தைத் தொடலாகாது என்று கோமதிநாயகம் மிக மென்மையாகச் சொல்லி முடிப்பதற்குள் மூடி கழன்று வந்தது.

“உள்ள ஒண்ணுமில்ல சார். ஒரு ஒயரு வருது. உங்க கம்ப்யூட்டருக்குப் போகுது. பட்டியல்ல பதினொண்ணுன்னு இருந்தா முள்ளு பதினொண்ணுக்குப் போகும். இது நாளை அளக்கல. நீங்க எழுதி வச்சதை உங்களுக்கே வாசிச்சுக் காட்டுது.”

கோமதிநாயகம் அமர்ந்தார். நிராகரித்த மனுக்களின் எண்ணிக்கையை அவர் ஒருபோதும் நினைவில் வைத்திருந்ததில்லை, முகங்கள்தாம் வந்தன. குழந்தைக்குப் பெயர் வைக்க ஜூன் பதினொன்று ஒரு நாள் மட்டுமே விடுப்புக் கிடைத்து, கெஞ்சிக் கேட்டு, கிடைக்காமல் மறுநாள் விடியலில் விமானம் ஏறிப்போன ஒரு தகப்பன். அவருக்கு அனுப்பிய கடிதத்தில் கூடுதலாக ஒரு ‘வருத்தத்துடன்’ சேர்த்தது நினைவிருந்தது. அன்று அது தமக்குப் போதுமானதாகத் தோன்றியதும் நினைவிருந்தது.

அவர் எழுந்து சென்று சான்றிதழ்ப் படிவத்தை எடுத்துவந்தார். மூலப் பதிவேடே இறுதியானது. ஜூன் பதினொன்றின் நாட்சுமை என்ற இடத்தில் சுழியம் என்று எழுதினார். உச்சிமாகாளி, தகப்பனார் பெயர் சுடலைமுத்து, நல்லதாகவோ தீயதாகவோ எதுவும் செய்யும் அபாயம் அற்றவர் என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது. முத்திரையை அழுத்தி வைத்தார். உச்சிமாகாளி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு கோமதிநாயகம் இன்னொரு படிவத்தை எடுத்தார். பிழைதிருத்த அறிக்கை. பாதிவரை நிரப்பியவர் பேனாவை நிறுத்தினார்.

“அம்மா, மன்னிக்கணும். இதுல ‘பிழையைக் கண்டறிந்தவர்’னு ஒரு கட்டம் இருக்கு. பதினோரு சம்பவத்தை ஒரே நாள்ல இடம் மாத்துறது சின்ன விஷயமில்ல. முதல்தர நிகழ்ச்சி. கண்டுபிடிச்சவங்க பேரு மாநிலப் பட்டியல்ல ஏறும். வருஷா வருஷம் மே இருபத்தாறாம் தேதி, வரலாற்றில் இன்றுன்னு…”

பிரம்மசக்திக்கு முகம் மாறியது. “என் பேரையா? வேண்டாம் சார். உங்க பேரைப் போட்டுக்கிடுங்க.”

“நான் கண்டுபிடிக்கலையே அம்மா.”

“இருபத்தொம்பது வருஷமா இதுக்குள்ளயே இருக்கீகளே!”

“அதனாலதான் கண்டுபிடிக்கல.”

அவர் எழுதினார். பொய் எழுதும் துணிவு அவருக்கு இல்லை. உண்மை எழுதும் துணிவும் அன்றுதான் புதிதாக வந்திருந்தது. பே. பிரம்மசக்தி என்று கட்டம் நிறைந்தது.

உச்சிமாகாளி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். “கொஞ்சம் பொறுங்க சார். இப்ப நான் யோசிக்கணும்.”

“என்ன யோசிக்கணும்?” என்றார் பிரம்மசக்தி.

“நான் சர்ட்டிபிகேட் வாங்குன சாதாரண மனுஷன். நீ வரலாத்துல ஏறிட்ட. ஒன்னையக் கட்டிக்கிட்டு நான் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா? நாளைக்குப் பொன்னாடை போடணும்பாவ, ரிப்பன் வெட்டணும்பாவ. ஆக்கி வச்ச சோறு ஆறிப்போவும்.”

“கொழுப்பைப் பாரு இந்த ஆளுக்கு!”

“இல்லளா. நாப்பத்தோரு வருஷமா எல்லாரும் என்னைப் பாத்துத்தான் யோசிச்சாவ. நானும் ஒரு நிமிசம் யோசிச்சுக்கிடுதேனே.” அவர் உண்மையாகவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு கோமதிநாயகத்திடம், “எனக்கு ஆட்சேபணை இல்ல சார்” என்றார்.

“பொன்னாடை போடுதவன் கடைக்கு வந்து வரிசையில நின்னு போடட்டும். ஆறு மணிக்கு மேல நான் எங்கயும் போக மாட்டேன். இதையும் எழுதிக்கிடுங்க சார்” என்ற பிரம்மசக்தி, மாறுதல் மனுவைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் கல்யாணத்துக்கு வேண்டிய சாமான்களை எழுதத் தொடங்கினார். இரண்டாவது வரியில் நிமிர்ந்தார். “மண்டபம் என்னைக்குக் கிடைக்கும்?”

“ஜூன் பதினொண்ணு எல்லா மண்டபமும் காலிதான்” என்றார் உச்சிமாகாளி. “நாப்பது வருஷமா எவனும் கேட்டதே இல்ல. முகூர்த்த நாளு வேற.”

ஊரே திரண்டு வந்தது. அழைக்கப்பட்டோர் பாதிப்பேர், என்னதான் ஆகப்போகிறது என்று பார்க்க வந்தோர் மீதிப்பேர். வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. ஏட்டையா ஒருவர் பந்தலின் ஒவ்வொரு காலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டுகையில் பலர் காதைப் பொத்திக்கொண்டனர். தாலி ஏறியது. சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. மின்சாரம் போகவில்லை. ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தையற்ற மாப்பிள்ளையின் இரண்டு தாய்மாமன்கள் அடுத்தடுத்த இலையில் அமர நேர்ந்தது. ஒருவர் மற்றவரிடம் மோர் வாளியைத் தள்ளிவிட்டார், அவ்வளவுதான். தீயணைப்பு வீரர்கள் மூன்றாம் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை பாக்குடன் திரும்பிச் சென்றனர். எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அன்று மாலை கோமதிநாயகம் அலுவலகத்துக்குச் சென்று, அன்றைய நிகழ்ச்சிகள் என்ற இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று அன்றைக்கே எழுதினார். பாயசத்தின் இனிப்பு நாக்கில் இருக்கையிலேயே எழுதிய அந்தச் சொல்லைப் போல மனநிறைவு தந்த சொல்லை அவர் பணிக்காலத்தில் எழுதியதில்லை.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பாணை வந்தது. பிழைதிருத்த அறிக்கை இன்னும் பரிசீலனையில் இருப்பதாகவும், ஆகவே ஜூன் பதினொன்றின் சுமை பதினொன்றாகவே தொடர்வதாகவும் அதில் கண்டிருந்தது. மேலும், அத்தகைய சுமையுள்ள நாளில் ஒன்றுமே நிகழாமல் போனது மாநில வரலாற்றிலேயே முதல் முறை என்பதால், அது முதல்தர நிகழ்ச்சியாகக் கருதப்படுகிறது. அதற்குக் காரணமானவர்களின் பெயர்களை உடனே அனுப்பிவைக்கவும்.

கோமதிநாயகம் குறிப்பாணையை இரண்டு முறை படித்தார். மண்டபத்தில் வாங்கிய வருகைப் பட்டியலை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டு, அழகிய கையெழுத்தில் பதில் எழுதினார்.

‘ஐயா, மேற்படி நாளில் ஒன்றுமே நிகழாததற்குக் காரணமானவர்கள் வருமாறு: மணமக்கள் இருவர், சமையற்காரரும் உதவியாளருமாக அறுவர், தாய்மாமன்கள் இருவர், தீயணைப்பு வீரர் ஐவர், ஏட்டு ஒருவர், விருந்தினர் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பெயர்கள் இணைப்பில் உள்ளன. இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் இலையில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தத்தம் வீட்டுக்குச் சென்றதன் மூலம் இந்நிகழ்ச்சியை நிகழ்த்தியுள்ளனர். இவர்கள் அனைவரும் இயல்புநிலைச் சான்று பெறத் தகுதியுடையவர்கள் என்பதால், வெற்றுப் படிவங்கள் நானூற்று இருபத்தொன்பது அனுப்பி உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.’

உறையை ஒட்டப்போனவர் கூட்டிப் பார்த்தார். நானூற்று இருபத்தெட்டுத்தான் வந்தது. தவறில்லை என்று உறுதி செய்துகொண்டு, இணைப்பின் கடைசி வரியில் தம் பெயரை எழுதினார்.